ஓர் அறிவித்தற் பலகையின் கதை

பல்கலைக் கழகமொன்றின் விவசாய பீடத்துள் நுழைவோர் வாசலருகே ஓர் அறிவித்தற் பலகையைக் காண்பர். இன்னார் புதிய விரிவுரையாளராகப் பதவியேற்றுள்ளார். இன்னார் நெடுங்காலச் சேவையின் பின் இளைப்பாறுகின்றார். உணவு விஞ்ஞானப் பகுதியினரின் ஆராய்ச்சி வெளியீடு அச்சாகியுள்ளது. இன்னாருக்குப் பதக்கம் வழங்கப்பட்டுள்ளது. இத்தகைய செய்திகள் நாலைந்து வரிகளில் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். பரீட்சைப் பெறுபேற்றைத் தேடிவரும் மாணவர் இவற்றைக் கண்ணாற் கடந்து செல்வதே வழக்கம். ஊழியரைப் பற்றிய இச்செய்திகளால் ஊராருக்கு ஆவதென்ன என்று கேட்போரும் உளர்.

வீட்டிற்கு வரும் பாற்செம்பிலும், குழந்தையின் உறுதியான எலும்பிலும், இருதய நோயாளர் விழுங்கும் மாத்திரையிலும் அச்செய்திகள் கலந்திருக்கின்றன என்பதே எமது விடை. இதனைக் காட்டுதற்கு, ஒரே கல்லூரியிலிருந்து அறுபதாண்டுக் காலத்துள் வெளிவந்த சில அறிவித்தல்களை இங்கே எடுத்துக்கொள்வோம். அக்கல்லூரி அமெரிக்க நாட்டிலே, மடிசன் நகரின் ஏரிக்கரையில் அமைந்த விஸ்கொன்சின் பல்கலைக் கழகத்தின் விவசாயக் கல்லூரியாகும்.

பாலும் நீரும்

1888 ஆம் ஆண்டில் அங்கே விவசாய இரசாயனப் பேராசிரியராக ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஸ்டீபன் மோல்டன் பாப்கொக். வயது நாற்பத்து நான்கு. நியூ யோர்க் மாநிலத்திற் பிறந்து, ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக் கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அந்நாளில் அவரது நியமனச் செய்தியைப் படித்தவர்கள், இது பால் விற்கும் ஏழைக் கமக்காரனுக்கு வந்த நற்செய்தி என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

அக்காலத்தில் விஸ்கொன்சின் கமக்காரர்கள் கோதுமைப் பயிரைக் கைவிட்டுப் பசு வளர்ப்பிலே இறங்கியிருந்தனர். ஊர்ப் பாலெல்லாம் பாற்கட்டித் தொழிற்சாலையிலே ஒன்றாகக் கலக்கப்படும். நிறையைப் பார்த்தே பணம் கொடுக்கப்படும். ஆகவே கொழுத்த பாலைக் கொணர்ந்தவனுக்கும், ஆடையை எடுத்துவிட்டுக் கொணர்ந்தவனுக்கும், கிணற்று நீரைக் கலந்து கொணர்ந்தவனுக்கும் ஒரே விலைதான் கிடைத்தது. நேர்மையுள்ளவன் நட்டமடைந்தான். நல்ல பசுவை வளர்ப்பதாற் பயனில்லை என்ற எண்ணமும் பரவிற்று. அயலவர்க்கிடையே ஐயமும் சச்சரவும் வளர்ந்தன.

பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தை எம் புலவர்கள் பாடியுள்ளனர். ஆனால் பாற்கட்டித் தொழிற்சாலையின் வாயிலுக்கு அன்னம் வருவதில்லையே! பாலிலுள்ள கொழுப்பை அளந்தறியும் முறைகள் அப்போதும் இருந்தன. எனினும் அவற்றுக்கு ஆய்வுசாலையும், தேர்ந்த இரசாயனரும், நீண்ட நேரமும் வேண்டியிருந்தன. எழுத்தறிவு சிறிதளவே உள்ள தொழிலாளியும் செய்யத்தக்க எளிய முறையொன்றைக் கண்டுபிடித்துத் தரும்படி கல்லூரியின் தலைவர் ஹென்றி, பாப்கொக்கிடம் வேண்டினார்.

பாப்கொக் கண்ட வழி வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிக் குப்பியிலே 17.6 கன சென்ரிமீற்றர் பாலை ஊற்றி, ஏறக்குறைய அதே அளவு செறிந்த கந்தகவமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் பாலிலுள்ள புரதத்தைக் கரைத்துவிடும். கொழுப்பை மட்டும் கரைக்காது. கலவையும் தானாகவே சூடேறும். பின்னர்க் குப்பியைச் சுழற்றும் பொறியிலே வைத்துச் சுழற்றி, வெந்நீர் விட்டால், இலேசான கொழுப்பு மேலெழுந்து குப்பியின் கழுத்திலே மஞ்சள் நிறமாய் நிற்கும். கழுத்திலே கீறப்பட்ட அளவைப் பார்த்து நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று சொல்லிவிடலாம். எல்லாம் சில நிமிட வேலையே.

முறை கைகூடியதும் அதனை உடனே வெளியிட வேண்டுமெனப் பலரும் வற்புறுத்தினர். பாப்கொக் இசையவில்லை. கல்லூரிப் பசுக்களுள்ளே சில்வியா என்னும் ஒரு பசுவின் பாலிலே மட்டும் சோதனை சரியாக அமையவில்லையாம். ஒரு பசுவின் பாலுக்குப் பொய் சொல்லும் சோதனை, ஒரு கமக்காரனுக்கும் பொய் சொல்லுமல்லவா? சில்வியாவின் பாலுக்கும் முறை பொருந்தும்வரை அவர் காத்திருந்தார் என்று சொல்லப்படுகின்றது. 1890 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அக்கல்லூரியின் ஆராய்ச்சி நிலையம் தனது 24 ஆம் இலக்க வெளியீட்டில் இப்புதிய முறையை உலகுக்கு அறிவித்தது.

பாப்கொக் இதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை. விரும்பியிருந்தால் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு காசு வாங்கிச் செல்வராயிருக்கலாம். அவரோ எவரும் செய்யலாம், எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். சில ஆண்டுகளுள் அச்சோதனை அமெரிக்காவெங்கும் பரவிப் பிற நாடுகளையும் எட்டிற்று. வேத நூலும் செய்ய முடியாத அளவுக்குப் பாற்காரரை நேர்மையுள்ளோராக்கியது இச்சோதனையே என, அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோர்ட் வேடிக்கையாய்ச் சொன்னதாகக் கூறுவர். 1901 ஆம் ஆண்டிலே மாநிலச் சட்டசபை பாப்கொக்குக்கு வெண்கலப் பதக்கமொன்றை வழங்கியது. இன்று எம் நாட்டிலும் பால் சேகரிப்பு நிலையங்கள் கொழுப்பின் அளவைப் பார்த்து விலை கொடுக்கின்றன. சோதனை முறைகள் மாறியுள்ளன. ஆயினும் அதன் பின்னுள்ள நீதி மாறவில்லை.

ஆயினும் ஒன்றையும் மறைத்தலாகாது. எவரும் செய்யலாம் என்று விட்டதனாலே, அளவு பிசகிய குப்பிகளைச் செய்து விற்ற வணிகரும் தோன்றினர். பிழையான குப்பியினால் ஏமாந்தவர் மறுபடியும் கமக்காரரே. குப்பிகளைப் பரிசோதிக்கச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. இந்தப் பாடத்தை அதே கல்லூரியில் ஓர் இளைஞர் மறக்கவில்லை. அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

பதினாறு நாகுகள்

பாப்கொக்கின் மனத்திலே நெடுநாளாக ஓர் ஐயம் இருந்தது. புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, மாப்பொருள் இவ்வளவு என்று கணக்கிட்டு, கணக்குச் சரியானால் உணவும் சரி என்று அக்கால இரசாயனர் நம்பினர். கணக்குக்கு அகப்படாத ஏதோவொன்றும் உணவில் இருத்தல் வேண்டுமென்பது அவருடைய எண்ணம். அறுபது வயதைக் கடந்த பின்பே அதனைச் சோதிக்கும் வாய்ப்பு வந்தது. 1907 ஆம் ஆண்டிலே ஹார்ட் என்பவரின் தலைமையில் இளம் ஆராய்ச்சியாளர்கள் பதினாறு நாகுகளை நான்கு கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்திற்குச் சோளச் செடியிலிருந்து கிடைத்த தீன் மட்டும். ஒன்றிற்குக் கோதுமை மட்டும். ஒன்றிற்கு ஓட்ஸ் மட்டும். நான்காவதற்கு மூன்றும் கலந்தது. இரசாயனக் கணக்கின்படி எல்லாம் சமமான உணவே.

பசுக்களோ கணக்கைப் பொய்யாக்கின. சோளம் உண்டவை மினுமினுத்து, நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் உண்டவை மெலிந்தன, சில பார்வையிழந்தன, அவற்றின் கன்றுகள் இறந்தே பிறந்தன, அல்லது பிறந்து சிலகாலத்தில் மாண்டன. 1911 ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. காரணம் யாதென்று மட்டும் எவராலும் அப்போது சொல்ல முடியவில்லை.

அதனைத் தேடிப் புறப்பட்டவர் மக்கொலம். பசுவிலே காரணம் காண ஆண்டுகள் பல செல்லும். எலியிலே மாதங்களிற் காணலாம் என்று அவர் கருதினார். கமக்காரரின் தானியத்தைத் தின்னும் எலியை அரசாங்கப் பணத்தில் வளர்ப்பதா என்று மேலிடம் முகஞ்சுளித்தது. மக்கொலம் சிக்காகோவிலே தம் சொந்தப் பணத்தில் வெள்ளெலிகளை வாங்கினார். அவற்றைப் பேணியவர் மார்கரெற் டேவிஸ் என்னும் பெண்மணி. ஆண்டுகள் பல அவர் சம்பளமின்றியே உழைத்தார். 1913 ஆம் ஆண்டில் இவ்விருவரும், பன்றிக் கொழுப்பிலும் ஒலிவ எண்ணெயிலும் இல்லாத ஓர் உயிர்ச்சத்து வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் உண்டு என்று வெளியிட்டனர். இன்று நாம் விற்றமின் ஏ என்று வழங்குவது அதுவே. சம்பளப் பட்டியலிலே பெயரில்லாத ஒரு பெண்ணின் பெயர் விஞ்ஞான வரலாற்றிலே நிலைத்துவிட்டது. எம் பெண் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

முந்நூறு டொலர்

அந்நாகுகளின் ஆராய்ச்சியிலே உதவிசெய்த இளைஞர்களுள் ஹரி ஸ்டீன்பொக் என்பவரும் ஒருவர். அதே மாநிலத்துக் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். 1924 ஆம் ஆண்டில் அவர் ஒரு புதுமையை அறிவித்தார். சூரிய ஒளியில் அடங்கியுள்ள, கண்ணுக்குப் புலப்படாத ஊதாகடந்த கதிர்களைச் சில உணவுப் பொருள்களின் மேற் செலுத்தினால், அவற்றிலே விற்றமின் டி உண்டாகின்றது. அவ்வுணவு, குழந்தைகளின் கால்களை வளைக்கும் ரிக்கற்ஸ் என்னும் எலும்பு நோயைத் தடுக்கின்றது. வெயில் குறைந்த வட தேசங்களில் அந்நோயால் முடங்கிய குழந்தைகள் அக்காலத்தில் ஏராளம்.

ஸ்டீன்பொக், பாப்கொக்கைப் போல் இதனை விட்டுவிடவில்லை. தம் பணத்தில் 300 டொலர் செலவிட்டு ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஏறக்குறைய பத்து இலட்சம் டொலர் தர முன்வந்ததாம். அதனையும் அவர் ஏற்கவில்லை. தரமற்ற பண்டங்களைச் செய்து மக்களை ஏமாற்றுவோர் கையிலே தம் கண்டுபிடிப்புச் சிக்கக்கூடாது. வரும் பணமும் ஆராய்ச்சிக்கே மீள வேண்டும். இதுவே அவர் கொண்ட கொள்கை. 1925 ஆம் ஆண்டிலே பழைய மாணவர் ஒன்பதின்மர் ஆளுக்கு நூறு டொலர் கொடுக்க, விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிதியம் தோன்றிற்று. அந்நிதியம் இன்றும் அப்பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிகளுக்குப் பொருள் வழங்கி வருகின்றது.

எனினும் இவ்வழியும் குற்றமற்றதன்று. மாநிலத்தின் வெண்ணெய்த் தொழிலுக்குப் போட்டியான மாஜரீனுக்கு அம்முறையைப் பயன்படுத்த நிதியம் இடங்கொடுக்கவில்லை. வெண்ணெய் வாங்க வசதியற்ற ஏழைகள் உண்டது மாஜரீனையே. அவர்களின் குழந்தைகளுக்கன்றோ அந்த உயிர்ச்சத்து மிகுதியாக வேண்டியிருந்தது? வழக்குகள் எழுந்தன. 1940 களில் நீதிமன்றம் அந்த ஆக்கவுரிமை செல்லாதெனத் தீர்த்தது.

திறந்துவிட்டால் வஞ்சகர் புகுகின்றனர். பூட்டிவைத்தால் ஏழை வாயிலில் நிற்கின்றான். பாப்கொக், ஸ்டீன்பொக் இருவரும் தந்நலமற்றவர்கள். இருவரும் பொதுமக்களின் நன்மையையே நாடினர். ஆயினும் அறிவை எவ்வாறு காப்பது, எவ்வாறு பகிர்வது என்ற வினாவுக்கு இருவரும் வெவ்வேறு விடை கண்டனர். இன்று விதைகளுக்கும் மருந்துகளுக்கும் உரிமை கோரி நிறுவனங்கள் வழக்காடுகையில், அதே வினா எம்மெதிரே மீண்டும் நிற்கின்றது.

சனிக்கிழமை வந்த கமக்காரர்

1933 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல். ஏறக்குறைய 190 மைல் தூரத்திலிருந்து ஒரு கமக்காரர் அக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். வண்டியிலே ஓர் இறந்த நாகு. ஒரு பாற்கலத்திலே உறையாத இரத்தம். பழுதடைந்த இனிப்புக் குளோவர் வைக்கோல் நூறு இறாத்தல். மாட்டு வைத்திய அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு கார்ல் போல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியருடையது. அந்த வைக்கோலைத் தீன்போடாதீர் என்று சொல்வதன்றி, அன்று அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. வந்தவர் வெறுங்கையோடு பனியிலே திரும்பிப் போனார்.

அக்காட்சி லிங்கின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இரத்தத்தை உறையவிடாத பொருளை அந்த வைக்கோலிலிருந்து பிரித்தெடுக்க அவருடைய குழுவினருக்கு ஆறாண்டுகள் சென்றன. 1939 ஆம் ஆண்டிலே அது பளிங்காகக் கிடைத்தது. அதன் வழியில் ஆக்கப்பட்ட மற்றொரு பொருள் 1948 இல் எலிப் பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு உதவிய நிதியத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு வார்பரின் என்று பெயரிட்டனர். எலிகளைக் கொன்ற அப்பொருளே, அளவறிந்து கொடுக்கப்படும்போது மனிதரின் இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் மருந்தாயிற்று. இன்று எம் வைத்தியசாலைகளிலும் இருதய நோயாளர் பலர் அதனை உட்கொள்கின்றனர். பனியிலே திரும்பிப் போன கமக்காரருக்கும் எமக்கும் உள்ள உறவு அது.

மாணவர்களே! அடுத்த முறை அறிவித்தற் பலகையைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நின்று வாசியுங்கள். புதிதாக வந்தவரின் பெயருக்குப் பின்னே ஒரு பாப்கொக் இருக்கலாம். பெயர் போடப்படாத ஒரு மார்கரெற் டேவிஸும் இருக்கலாம். பெற்றோர்களே! விவசாயம் படிக்கப் போகின்றேன் என்று பிள்ளை சொல்லும்போது முகஞ்சுளிக்காதீர்கள். சில்வியா என்ற ஒரு பசுவின் பாலுக்காகக் காத்திருந்த பொறுமையும், சனிக்கிழமையிலும் கதவைத் திறந்து வைத்திருந்த அன்பும் வாய்த்தால், அப்பிள்ளை படிக்கும் படிப்பினால் ஊர் வாழும்.