மடிக்கணினியைப் பேணும் முறை

(தலைமையாசிரியர்)



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இல்லம் தேடிச் சென்றன. அதுகாறும் அலுவலகப் பொருளாகவே கருதப்பட்ட மடிக்கணினி, தோட்டப்புற வீடுகளிலும் இன்றியமையாப் பொருளாயிற்று. நல்லுள்ளம் படைத்தோர் நம் பள்ளிக்கும் சில மடிக்கணினிகளை வழங்கினர். அவற்றுள் ஒன்று சென்ற ஆண்டு நமக்குக் கற்பித்த பாடத்தையே ஈண்டு எழுதுகின்றேன்.

அக்கணினியின் மின்கம்பியைக் கழற்றினால் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். போதாக்குறைக்கு, "இடம் போதவில்லை" என்னும் அறிவிப்பும் திரையில் ஓயாது தோன்றியது. கிள்ளான் நகரில் ஒரு கடையில் காட்டினோம். "இது தேறாது, புதியது வாங்குவதே மேல்" என்றனர். குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உள்ள இந்நாளில், புதிய கணினி என்பது எளிய செலவா?

மனம் ஒப்பாமல், பிரிக்பீல்ட்சில் கணினி பழுதுபார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றேன். அவர் சற்று நேரம் ஆராய்ந்துவிட்டு, "ஐயா, இதற்கு நோய் ஒன்றன்று, இரண்டு. பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அதை மாற்றிவிடலாம். மற்றொன்று வெறும் குப்பை; கூட்டினால் போதும்" என்றார். அவ்விரண்டையும் தனித்தனியே காண்போம்.

மின்கலத்தின் மூப்பு

மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இதனை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். இப்போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சிறிதளவு வீணாகின்றது. சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் கொள்ளளவு குறைவது இயற்கையே. பால்வாளியின் அடியில் ஆண்டுதோறும் வண்டல் படிந்தால் வாளி கொள்ளும் பால் குறையுமன்றோ? அதனைப் போன்றதே இதுவும்.

இம்மூப்பை அளந்தறியவும் வழியுண்டு. விண்டோஸ் கணினியில் "பேட்டரி ரிப்போர்ட்" என்னும் அறிக்கையை வரவழைத்தால் இரண்டு எண்கள் தோன்றும்: ஒன்று புதிதாயிருந்தபோது கொண்ட அளவு, மற்றொன்று இன்று கொள்ளும் அளவு. நம் கணினியில் முன்னது 42,000 மில்லிவாட் மணி, பின்னது 16,800. அதாவது, நூற்றுக்கு நாற்பதே எஞ்சியிருந்தது. மின்கலத்தை மட்டும் மாற்றினோம், கணினி மீண்டது.

மூப்பை விரைவுபடுத்துவது வெப்பம். நண்பகலில் 32 பாகைக்கு மேல் காயும் நம் நாட்டில், மெத்தைமீதோ தலையணைமீதோ கணினியை வைத்து அதன் காற்றுத் துளைகளை அடைப்பது பெருந்தவறு. பூட்டிய காருக்குள் விட்டுச் செல்வது அதனினும் பெருந்தவறு. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்துக. நீண்ட விடுமுறையில் பாதியளவு ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்திடுக.

எச்சரிக்கை ஒன்று! விசைப்பலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ மின்கலம் வீங்கியிருக்கலாம். அதனை அழுத்தவும் குத்தவும் கூடாது, தீப்பற்றும். உடனே மின்னிணைப்பை நீக்கிப் பெரியோரிடம் கூறுக. பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் எறியாது, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்திடுக.

இடப் பற்றாக்குறை

இனி, இரண்டாம் நோய். நம் கணினியின் சேமிப்பிடம் 64 கிகாபைட். இயங்குதளமும் அதன் புதுப்பிப்புகளுமே ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டன. எஞ்சியதைக் காணொலிகளும் பதிவிறக்கங்களும் நிரப்பியிருந்தன. அழித்துவிட்டோம் என்று நாம் எண்ணியிருந்த கோப்புகளோ குப்பைக் கூடையிலேயே கிடந்து 9 கிகாபைட்டை அடைத்திருந்தன. கூடையைக் காலி செய்தாலன்றி இடம் திரும்பக் கிடைக்காது என்பதனை அன்றுதான் பலர் அறிந்தோம்.

"செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "ஸ்டோரேஜ்" என வரிசையாகச் சென்றால், எது எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்பதனைக் கணினியே காட்டும். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். ஆயின், அப்பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்பதும் இருக்கும். அதனைத் திறந்து பாராமல் குறியிட்டு அழித்தல் ஆகாது.

இதனை வலியுறுத்தக் காரணமுண்டு. நானும் அதில் குறியிடச் சென்றேன். அந்த இளைஞர் என் கையைத் தடுத்து, "முதலில் திறந்து பாருங்கள், ஐயா" என்றார். திறந்தோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தம் தாத்தா பாட்டியரிடம் பால்மரக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்த 23 ஒலிப்பதிவுகள் அதனுள் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை. அவர்களுள் ஒரு பாட்டியார் அதற்கு முன்னரே இயற்கை எய்திவிட்டார். கடையில் கூறியவாறு அக்கணினியைக் கழித்திருந்தால், அவ்வம்மையாரின் குரலும் அதனோடு போயிருக்கும்.

ஆதலின், மாணவர்களே, முதலில் படியெடுத்தல், பின்னரே துப்புரவு. அரிய கோப்புகளை விரலி எனப்படும் பென்டிரைவில் ஒன்றும், வேறோரிடத்தில் மற்றொன்றுமாக இரு படிகள் வைத்திடுக. மின்கலம் நலிந்த கணினி எழுதும்போதே அணைந்து கோப்பைக் கெடுக்கக் கூடுமாதலால், படியெடுக்கும்போது மின்கம்பியைச் செருகியே வைத்திடுக.

அந்த 23 ஒலிப்பதிவுகளும் இன்று இரண்டு விரலிகளில் உள்ளன. ஒன்று பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றது; மற்றொன்று நூலகத்தில் இருக்கின்றது. கேட்க விரும்பும் பெற்றோர்கள் பள்ளி நாள்களில் வரலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!