தீயுண்ட மலைக்காடும் பறவைகளும்: ஒரு நோக்கு

காட்டுத்தீக்கு இரையான மலைச்சாரலை அழிவின் சின்னமாகக் காண்பதே பொதுவழக்கு. கரிந்து நிற்கும் மரங்களை வெட்டி அகற்றிப் புதிய கன்றுகளை நடுவதே காட்டை மீட்கும் வழி என்னும் எண்ணமும் இதன்வழிப் பிறப்பதே. பறவைகள் பற்றிய அவதானிப்புகள் இக்கருத்தை ஐயத்துக்குள்ளாக்கியுள்ளன.

1988ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடரில் பெருந்தீக்கள் பரவின. யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் ஏறத்தாழ 36 சதவீதப் பரப்பு தீயின் தாக்கத்துக்குள்ளானது. அடுத்துவந்த இரு இனப்பெருக்கப் பருவங்களில், மொன்ரானாப் பல்கலைக்கழக ஆய்வாளர் றிச்சர்ட் ஹற்றோ மேற்கு மொன்ரானாவிலும் வட வயோமிங்கிலும் எரிந்த காட்டிடங்கள் 34இல் பறவைகளைக் கணக்கிட்டார். 1995இல் வெளியான அவ்வாய்வு 87 பறவையினங்களைப் பதிவுசெய்தது. 15 இனங்கள் ஏனைய வாழிடங்களைவிட அண்மையில் எரிந்த காடுகளிலேயே மிகுதியாகக் காணப்பட்டன. கருமுதுகு மரங்கொத்தியோ பெரும்பாலும் அத்தகைய காடுகளுக்கே உரியதாயிருந்தது.

இதற்கான காரணத்தை உணவுச் சங்கிலியிற் காணலாம். தீயால் இறந்த மரம் பிசின் சுரந்து தன்னைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது. மரந்துளைக்கும் வண்டுகள் அதில் முட்டையிடுகின்றன. அவற்றுட் சில, தீயின் செந்நிறக்கீழ்க் கதிர்களை உணரும் உறுப்புடையனவாதலின், புகை அடங்குமுன்னரே வந்துசேர்கின்றன. அவற்றின் குடம்பிகளே மரங்கொத்தியின் உணவு. அது குடைந்து கைவிட்ட பொந்துகளில், தாமாகப் பொந்து குடைய இயலாத மலை நீலப்பறவை போன்றவை குடியேறுகின்றன.

எனினும் இத்தகைய கணக்கெடுப்பிற் கவனம் வேண்டும். இலையற்ற காட்டிற் பறவை எளிதிற் புலப்படும், அடர்காட்டில் மறைந்திருக்கும். ஆதலால் வெறும் எண்ணிக்கைகளை ஒப்பிடுதல் போதாது. பறவை தென்பட்ட தூரத்தையும் மரங்கள் எரிந்த கடுமையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதே இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்குதலும் வேண்டும். ஏனெனில், வண்டுகள் குறையக் குறைய, சில ஆண்டுகளில் மரங்கொத்தியும் அகன்றுவிடுகிறது.

முரண்பாடு தோன்றுவதும் இங்கேதான். வண்டுகள் துளைக்கத் துளைக்க மரத்தின் சந்தைப் பெறுமதி வீழ்கிறது. ஆகவே மரவாணிபம் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் வெட்டிமுடிக்க விரைகிறது. பறவைகளுக்கு இன்றியமையாத காலமும் அதுவே. வீதியோரத்தில் விழக்கூடிய மரத்தை அகற்றுதல் வேறு. முழுச் சரிவையும் மொட்டையாக்குதல் வேறு. லொட்ஜ்போல் பைன் மரங்கள் பலவற்றின் கூம்புகள் தீயின் வெப்பத்தால் திறந்து விதை சிந்துகின்றன. அங்கே காடு தானாகவே மீளத் தொடங்கிவிடுகிறது. அந்நிலையிற் கரிந்த மரங்களை அகற்றுவதைக் காட்டின் மீட்பு என்பது பொருந்தாது; அது இலாபத்துக்கு இடப்பட்ட மறுபெயரே.