நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

படிப்பை முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் நேர்முகத் தேர்வு என்றதும் கலங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் கதையைச் சொல்லுங்கள்.

1958-ல் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குச் சென்ற 25 பேரில் அவர் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை. டில்லியில் பாதுகாப்புத் துறை வேலை கிடைத்தது. பிறகு நம் பெங்களூரில் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்டை உருவாக்கினார். அதைப் பார்க்க வந்த பேராசிரியர் எம்.ஜி.கே. மேனனை ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். சில நாட்களில் பம்பாயிலிருந்து அழைப்பு. தேர்வுக் குழுவில் விக்ரம் சாராபாயுடன் அதே மேனன்! ராக்கெட் என்ஜினீயர் வேலை கிடைத்தது.

கையால் செய்த வேலையே அவருக்குச் சிபாரிசு. ஆகவே பிள்ளைகளே, உங்கள் புராஜெக்டில் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்லுங்கள். ரயில்வேயில் அப்படிச் சொல்பவனை நம்பித்தான் தண்டவாளத்தை ஒப்படைப்போம். மழுப்புகிறவனை நம்பி அல்ல. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தது குறையல்ல. மூன்றும் தெரியும் என்று கூசாமல் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. "இன்டர்வியூவில் ஆள் இருக்கிறார், இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கு ஆகட்டும்.