பாலைநிலத்து ஊமத்தை

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நாம் நாள்தோறும் உண்கிறோம். இவை யாவும் கத்தரிக் குடும்பம் எனத் தாவரநூலார் வகுத்துள்ள ஒரே குலத்தவை. அக்குலத்திற் பிறந்து, பாலையில் வாழ்ந்து, அழகும் நஞ்சும் ஒருங்கே கொண்ட செடியொன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களிலும், மெக்சிகோவின் வடபகுதியிலும் வளரும் அச்செடியின் அறிவியற் பெயர் டட்டூரா ரைட்டியை. சார்லஸ் ரைட் என்னும் அமெரிக்கத் தாவர ஆராய்ச்சியாளரின் நினைவாக 1859இல் இப்பெயர் இடப்பெற்றது. டட்டூரா என்பதோ நம் நாட்டுச் சொல்லினின்று பிறந்தது; வடமொழியில் ஊமத்தைக்குத் தத்தூரம் என்று பெயர். ஆம், நம் வேலியோரத்து ஊமத்தைக்கு இது நெருங்கிய உறவு.

மழை அருகிய நிலத்தில் இஃது எங்ஙனம் உயிர்வாழ்கிறது? இதன் வேர் கிழங்குபோற் பருத்து ஆழச் சென்று நீரையும் உணவையும் சேமித்து வைக்கிறது. கடுங்குளிரில் தண்டும் இலையும் பட்டுப்போயினும், வேர் மீண்டும் துளிர்க்கும். புனல் வடிவான பெரிய வெண்மலர்கள் அந்தியில் விரிந்து, மறுநாள் வெயிலேறியதும் வாடிவிடும். நீண்ட உறிஞ்சுகுழலுடைய பெரிய அந்துப்பூச்சிகள் இரவில் வந்து தேனருந்தி மகரந்தத்தைப் பரப்புகின்றன. அப்பூச்சியே இலைகளில் முட்டையும் இடுகிறது. புழுக்கள் இலைகளைத் தின்று தீர்க்கின்றன. அவ்விழப்பையும் வேரிலுள்ள சேமிப்பே ஈடுசெய்கிறது.

நீர்ச்செலவு குறைவாதலின் வறண்ட ஊர்களில் இதனை அழகுக்காக வளர்க்கின்றனர். ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மையார் இவ்வினத்து வெண்மலரை 1932இல் தீட்டிய ஓவியம், 2014இல் ஏறத்தாழ 4 கோடியே 44 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

எனினும், வேர்முதல் விதைவரை இச்செடி முழுவதும் நஞ்சு. அட்ரோபின், ஸ்கோபோலமின் முதலிய பொருள்கள் நரம்புகளின் செய்தியைத் தடுப்பதால் நா வறளும், கண்மணி விரியும், இதயம் விரைந்து துடிக்கும், அறிவு மயங்கும். மயக்கம் விரும்பி இவ்வினச் செடிகளை உண்டு இறந்தோரும் உளர். அதே அட்ரோபினைத்தான், பூச்சிக்கொல்லி அருந்தியவரைக் காக்க மருத்துவர்கள் ஊசிவழி செலுத்துகின்றனர். மருத்துவர் கையில் மருந்துக்கு அளவுண்டு. செடியிலோ நஞ்சின் அளவு செடிக்குச் செடி, இலைக்கு இலை வேறுபடும். ஆகவே இவ்வளவு உண்ணலாம் என்று எவராலும் கூற இயலாது. நம்மூர் ஊமத்தைக்கும் இது பொருந்தும். விளையாட்டாகவும் அதனைச் சுவைக்க வேண்டா. எவரேனும் உண்டுவிட்டால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். செடியின் சிறு கிளையொன்றையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.