பணம் கட் ஆகிடுச்சு, ஆனா போய்ச் சேரல... யுபிஐ-யில் நடப்பது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு தொழிலாளி, ஒடிசாவில் உள்ள மனைவிக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். கணக்கில் பணம் கழிந்துவிட்டது. செயலியிலோ 'பென்டிங்'. ஊரிலிருந்து, 'இன்னும் வரல' என்று போன். உடனே என்ன செய்வார்? மறுபடியும் அனுப்புவார். நாமும் அதைத்தான் செய்வோம். சிக்கலே அங்கேதான்.

பதில் தொலைந்தால்?

பட்டனைத் தட்டியதும் அவரது வங்கி, என்பிசிஐ, மனைவியின் வங்கி என வெவ்வேறு இடங்களில் உள்ள கணினிகள் பேசிக்கொள்கின்றன. இப்படிச் சேர்ந்து இயங்கும் அமைப்புக்கு 'டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்' என்று பெயர். 'பணத்தை வரவு வை' என்று என்பிசிஐ கேட்கிறது. பதில் இல்லை. கேட்டதே போய்ச் சேரலையா? இல்லை, வரவு வைத்தபின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கேட்ட கணினிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கணினி மாணவர்கள் இதை 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்று படிக்கிறார்கள். எதிரியைச் சுற்றி இரண்டு மலைகளில் இரண்டு படைகள். தூதர் நடுவழியில் பிடிபடலாம். எத்தனை தூது போனாலும், இருவரும் ஒரே நேரத்தில் தாக்குவார்கள் என்ற முழு உறுதி கிடைக்காது. இதற்குத் தீர்வே இல்லை என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது.

அப்போ எப்படித்தான் சமாளிக்கிறாங்க?

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி எண். அதே எண்ணோடு பத்து முறை கேட்டாலும் வங்கி ஒருமுறைதான் வரவு வைக்க வேண்டும். ரேஷன் கடையில் ஒரே கார்டை எத்தனை முறை நீட்டினாலும் அந்த மாத அரிசி ஒருமுறைதானே, அதுபோல. 'ஐடெம்பொட்டன்ஸி' என்று பயமுறுத்தும் பெயர் இதற்கு!

ஆனால் நீங்கள் மறுபடி அனுப்பினால் புது எண் உருவாகும். கணினிக்கு அது புதுப் பரிவர்த்தனை. இரண்டு முறையும் பணம் போகலாம். உடனே திருப்பித் தராததற்கும் இதுவே காரணம். அங்கே வரவாகியிருந்தால், இரண்டு பக்கமும் பணம் இருக்கும். கணக்கைச் சரிபார்த்த பிறகே முடிவு.

எத்தனை நாள்?

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்காவிட்டாலும் தர வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

'பென்டிங்' என்று வந்தால் 12 இலக்க பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.