வண்டிச் சன்னலுக்கு இறவாரம்

ஐப்பசி அடைமழையில், என் பிக்கப் வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் சென்றேன். கண்ணாடியை ஏற்றினால் மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படலமாய்ப் படிந்து பாதையை மறைத்தது. இறக்கினாலோ தோள் நனைந்தது. இதற்கென உள்ளதே வைசர் என்னும் பட்டை. சுவருக்கு இறவாரம் எப்படியோ, சன்னலுக்கு இஃது அப்படி. கண்ணாடியை இரு விரற்கடை இறக்கினாலும் சாரல் உட்புகுவது அரிது. வண்டி விரையும்போது வெளியே ஓடும் காற்றால் அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் ஈரக்காற்று அவ்விடைவெளி வழியே ஈர்க்கப்படுகிறது.

பொருத்துவது எளிதென்றே எண்ணினேன். மழை விட்ட நேரத்தில் கதவுச் சட்டத்தைத் துணியால் துடைத்து, பட்டையின் ஒட்டுநாடாவை உரித்து அழுத்தினேன். மறுநாளே நெடுஞ்சாலையில் அது பிய்ந்து பறந்தது. பின்னால் இருசக்கர வண்டியில் வந்தவர் தலை குனிந்து தப்பினார். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

மாணவர்களே, குற்றம் பசையினதன்று, என்னுடையது. மெழுகும் எண்ணெயும் ஈரமும் இருக்குமிடத்தில் பசை சட்டத்தைத் தொடுவதேயில்லை. மறுமுறை, வெயிலில் சட்டம் இளஞ்சூடேறியபின், ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்தேன். நாடாவை உரிக்காமலே பட்டையை வைத்துப் பார்த்து இடம் குறித்தேன். தாளின் முனையை மட்டும் உரித்து வெளியே மடித்து, பட்டையை அமர்த்தியபின் எஞ்சியதைச் சிறிது சிறிதாக இழுத்து, அங்குலம் அங்குலமாக அழுத்தினேன்.

இவ்வகை அக்ரிலிக் நுரைநாடா, அறை வெப்பத்தில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பலமே பெறும். முழுப்பலத்துக்கு 72 மணி நேரம் வேண்டும். மூன்று நாளும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. தக்காளி வாடகை வண்டியில் சென்றது.