எலுமிச்சைச் சாற்றுக்கு அசையாத கல்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் அடுக்களைச் சுவரை எடுத்துவிட்டு, நடுவே நாலு பக்கமும் சுற்றிவரும்படி ஒரு மேடை போடச் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் அதை ‘ஐலண்ட்’ என்பார்கள். கீழே உள்ள அலமாரியையும் கைப்பிடியையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மேலே கிடக்கும் கல்லை மாற்றுவதுதான் பெரும்பாடு. ஆகவே யோசனையைக் கல்லிலிருந்து தொடங்குவது நல்லது.

கிரானைட்டில் பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. சமையல் கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5. கல்லின் மேல் நேராகக் காய் நறுக்கினால் மழுங்குவது கத்திதான். சலவைக்கல்லின் கதை வேறு. அது கால்சைட், கடினம் வெறும் 3. போதாததற்கு அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ புளியின் டார்டாரிக் அமிலமோ பட்டால் கரைந்து, கரியமில வாயுவை விடும். அங்கே விழும் மங்கலான வட்டம் கறையல்ல, கல்லே அரிபட்ட தடம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. ரசமும் சித்ரான்னமும் செய்யும் அடுக்களைக்கு ஏற்றது கிரானைட்டே. அதிலும் நுண்துளைகள் உண்டு, மஞ்சள் கலந்த எண்ணெய் உள்ளே இறங்கும். அதனால்தான் மேலே சீலர் பூசுகிறார்கள்.

கடைகளில் ‘குவார்ட்ஸ்’ என்று விற்கும் பலகை பாறையிலிருந்து அப்படியே அறுத்ததல்ல. சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து இறுக்கியது. அது எளிதில் கறை பிடிக்காது. ஆனால் காய்ந்த எண்ணெய்ச் சட்டியை நேரே வைத்தால் பிசின் கருகி நிறம் மாறும். அதை அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூள் தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிகோசிஸ் நோயை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளைத் தடை செய்தது இதற்காகத்தான். கிரானைட் தூளிலும் சிலிக்கா உண்டு. எந்தக் கல்லானாலும் வீட்டில் வைத்து அறுத்தால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

பெங்களூர் உட்கார்ந்திருப்பதே கிரானைட் வகைப் பாறைமேல்தான். லால்பாக் குன்றில் தலைநீட்டும் தீபகற்ப நைஸ் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. மேற்கே ராமநகரக் குன்றுகளின் குளோஸ்பேட் கிரானைட்டுக்குச் சுமார் 250 கோடி. அது உறைந்தபோது பூமியின் காற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அன்றைக்கு யாராவது அடுப்பு மூட்டியிருந்தாலும் எரிந்திருக்காது.

கடையில் கிடைப்பதெல்லாம் உள்ளூர்க் கல்லல்ல. நீலம் மின்னும் ‘புளூ பேர்ல்’ பலகை நார்வேயின் லார்விக் பகுதியிலிருந்து வருகிறது. அதில் நீலச் சாயம் எதுவும் இல்லை. பாறை மெல்லக் குளிர்ந்தபோது ஃபெல்ட்ஸ்பார் இரு வகையாகப் பிரிந்து, ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய பருமனில் அடுக்கடுக்காக அமைந்தது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகத் தெரிகிறது. இதன் உறவுக் கனிமமான லாப்ரடோரைட்டின் மினுக்கத்தைப் பற்றி 1950இல் சர் சி.வி. ராமனும் ஏ. ஜெயராமனும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ராமனின் ‘பஞ்சவடி’ வீடு இதே மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறது.

இனி எடை. 20 மில்லிமீட்டர் கனத்தில் ஆறடிக்கு மூன்றடிக் கல் சுமார் 90 கிலோ. வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ கூடுதல் சுமை தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியானால், கட்டுமானப் பொறியாளர் பார்த்த பிறகே மேடை. கிரானைட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவதைத் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதனால் உட்கார்ந்து சாப்பிட அரையடிக்கு மேல் வெளியே நீட்டினால் அடியில் தாங்கு வேண்டும். சிங்க் துளையின் மூலைகளையும் வளைத்து அறுக்க வேண்டும், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, இன்னொரு மூலையில் மஞ்சள் எண்ணெய். இரவு முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள். முதலாவது மங்கியிருந்தால் அதில் கால்சைட் இருக்கிறது, வேண்டாம். இரண்டாவது மஞ்சளித்திருந்தால் சீலரைப் பற்றிக் கேளுங்கள். இரண்டுமே இல்லையென்றால் அளவெடுக்க ஆளை வரச் சொல்லலாம்.